குடும்பத்தோடு கிராமச் சாலைகளில் ஐந்து நாள் சைக்கிள் பயணம்: பாதை, தூரம், வண்டித் தயாரிப்பு

#1 பூவரசு

வணக்கம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் மூவர் (11, 8, 4 வயது). ஐந்து நாள், நான்கு இரவு. போக்குவரத்து குறைந்த கிராமச் சாலைகளில் மட்டும் போக வேண்டும் என்பது திட்டம். ரயிலில் போய் இறங்கி, வேறொரு நிலையத்தில் ஏறித் திரும்பலாம். நாளைக்கு 45 கி.மீ. என்று வைத்திருக்கிறேன். மூத்தவன் 24 அங்குலச் சக்கர வண்டி, நடுப்பிள்ளை 20 அங்குலம், ஏழு கியர். கடைக்குட்டி இன்னும் சொந்தமாக ஓட்டுவதில்லை.

தூரம் சரியா? அமைதியான சாலையை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? என்னென்ன கருவிகள் வேண்டும்?

#2 மெதுவண்டி

45ஐ 22 ஆக்குங்கள். சமதரையில் 20 அங்குல வண்டி ஓட்டும் எட்டு வயதுப் பிள்ளை மணிக்கு 9, 10 கி.மீ. போகும். அது சக்கரம் சுற்றும் நேரத்துக்கு மட்டும். தண்ணீர், கழிப்பிடம், கழன்ற ஷூ லேஸ், ஓடையில் கல்லெறிதல் எல்லாம் சேர்ந்தால் மொத்த நேரம் இரட்டிப்பாகும். 22 கி.மீ. என்றால் ஓட்டம் இரண்டேகால் மணி, சாலையில் கழிவது நான்கரை மணி. 45 கி.மீ. என்றால் ஒன்பது மணி நேரம், பெரியவர்களுக்கே பொறுமை போய்விடும். மூத்தவன் 40 கி.மீ. தாங்குவான், ஆனால் நாளின் அளவை நடுப்பிள்ளையை வைத்துத்தான் போட வேண்டும்.

முதல் நாள் 15க்கு மேல் வேண்டாம். ரயிலிலிருந்து வண்டிகளை இறக்கி, பைகளைக் கட்டி, ஹேண்டிலை நேராக்கிக் கிளம்பவே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

இன்னொன்று, தினமும் தங்குமிடம் மாற்றாதீர்கள். முதல் இரண்டு இரவு ஓரிடம், அடுத்த இரண்டு இரவு 20, 25 கி.மீ. தள்ளி இன்னோரிடம். இடைப்பட்ட நாட்களில் மூட்டை இல்லாமல் வட்டமாகச் சுற்றி வரலாம். மழை வந்தால் வட்டத்தைப் பாதியில் வெட்டித் திரும்பலாம். தினமும் இடம் மாறும் பயணத்தில் அந்த வசதி கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைய 25 கி.மீ. காத்துக்கொண்டே இருக்கும்.

#3 வரைபடப்பித்து

பாதை பற்றி மட்டும் சொல்கிறேன். 20 கி.மீ. பாதையில் 19.5 கி.மீ. அருமையாக இருந்து, மீதி அரை கி.மீ. லாரி ஓடும் சாலையாக இருந்தால் அந்தப் பாதை உங்களுக்கு ஆகாது. அந்த அரை கிலோமீட்டரைத்தான் முதலில் தேட வேண்டும். அது பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும்.

ஒன்று, ஆற்றுப் பாலம். இரு கரையிலும் ஆளரவமற்ற சாலை இருக்கும். பாலம் ஒன்றே ஒன்று என்பதால் சுற்றுவட்டார வண்டிகள் எல்லாம் அதன் மேல்தான் போகும், பாலத்தின் அகலமோ சாலையைவிடக் குறைவாக இருக்கும். இரண்டு, நெடுஞ்சாலையைக் கடக்கும் இடம். உங்கள் சாலை நேராகக் குறுக்கே போனால் பரவாயில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடலாம். ஒரு பக்கம் வந்து சேர்ந்து, 300 மீட்டர் தள்ளி மறுபக்கம் பிரிந்தால், அந்த 300 மீட்டரும் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும். வரைபடத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதனால் ஒவ்வொரு குறுக்குச் சந்திப்பையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று, ஊருக்குள் நுழையும் கடைசி ஒன்றிரண்டு கி.மீ.

சின்னச் சாலை எல்லாம் அமைதியான சாலை என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் முனையைத் தவிர்த்துக் குறுக்கே வெட்டிப் போகிற சிறு சாலை இருந்தால், காலையிலும் மாலையிலும் அவசரக்காரர்கள் அத்தனை பேரும் அதில்தான் வருவார்கள். செயற்கைக்கோள் படத்தில் பாதையோரம் கல்குவாரி, செங்கல் சூளை, பெரிய கிடங்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும் அதே சாலையில் திங்கட்கிழமை டிப்பர் லாரி வரிசை கட்டும். அறுவடைக் காலமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சாலையில் எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் எல்லாரும் மண்ணில் இறங்கித்தான் நிற்க வேண்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் சாலைகளுக்குத் தரவரிசை உண்டு. முதல்நிலை, இரண்டாம்நிலைச் சாலைகளை அறவே விடுங்கள். மூன்றாம்நிலையைத் தேவைக்கு மட்டும் எடுங்கள். அதற்கும் கீழே, ஊருக்கு ஊர் இணைக்கும் சிறு சாலைகள்தான் உங்களுக்கானவை. வயல்வெளித் தடங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் குறித்திருப்பார்கள். ஒன்று கெட்டியான தளம், ஐந்து வெறும் மண்ணும் புல்லும். ட்ரெய்லரோடு (சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பிள்ளை வண்டி) போகிறவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதையெல்லாம் நிறம் பிரித்துக் காட்ட சைக்ளோஎஸ்எம் என்ற வரைபட அடுக்கு இருக்கிறது.

மேடு: மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். 8 கி.மீ.யில் 80 மீட்டர் ஏற்றம் என்றால் சராசரி ஒரு சதவீதம்தான். ஆனால் அதில் 50 மீட்டர் ஏற்றம் ஒரே அரை கி.மீ.யில் குவிந்திருக்கலாம், அது பத்து சதவீதம். சமஉயரக் கோடுகள் எங்கே நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள். 5 சதவீதம் வரை நடுப்பிள்ளை சின்ன கியரில் ஏறும். அதற்கு மேல் தள்ளல்தான், தள்ளும் வேகம் மணிக்கு 3 கி.மீ. என்று கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, 5, 6 கி.மீ.க்கு ஒரு முறை பயணத்தைக் கைவிடக்கூடிய இடம் குறித்து வையுங்கள்: பேருந்து நிறுத்தம், வண்டி பிடிக்கக்கூடிய ஊர், மழைக்கு ஒதுங்கும் கூரை.

#4 பூவரசு

மிக்க நன்றி. தூரத்தைப் பாதியாக்கிவிட்டேன். கடைக்குட்டி 17 கிலோ. பின்சீட்டா, ட்ரெய்லரா, பின்னால் மாட்டும் அரைச் சைக்கிளா? இழுக்கப்போகிற வண்டியில் பின்சக்கரத்துக்குத் த்ரூ ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவி ஃபிரேமில் மரையால் இறுகும் அச்சு). முன்பக்கம் ஒரே பல்சக்கரம், 34 பல். பின்னால் பெரியது 32 பல்.

#5 இழுவை

மூன்றில் உங்களுக்கு ட்ரெய்லர்தான்.

பின்சீட்டுகள் பொதுவாக 22 கிலோ வரை. 17 கிலோ அதற்குள் வந்தாலும், எடை உயரத்தில் உட்காருவதால் வண்டியை நிறுத்திப் பிடிப்பதே கஷ்டம். பின் கேரியரில் மூட்டை வைக்கிற இடமும் போய்விடும். தவிர, நான்கு வயதுப் பிள்ளை மதியம் தூங்கும். சீட்டில் தூங்கினால் ஹெல்மெட்டின் பின்புறம் சாய்மானத்தில் முட்டித் தலை முன்னால் தொங்கும். அரைச் சைக்கிளில் தூக்கம் இன்னும் ஆபத்து. பிடித்துக்கொள்ள வேண்டியது பிள்ளையின் கைதான், பெல்ட் கிடையாது. அது ஆறு வயதுக்கு மேல் அழகாக வேலை செய்யும்.

ட்ரெய்லர் வாங்குவதற்கு முன் உங்கள் ஆக்ஸிலை வெளியே எடுத்து அளந்துவிடுங்கள். ட்ரெய்லரை இணைக்கும் கொக்கியை மாட்ட நீளமான மாற்று ஆக்ஸில் வேண்டும். அதற்கு விட்டம் (பெரும்பாலும் 12 மி.மீ.), நீளம், மரை இடைவெளி மூன்றும் பொருந்த வேண்டும். மரை இடைவெளி 1.0, 1.5, 1.75 மி.மீ. என்று மூன்று விதம் புழக்கத்தில் இருக்கிறது. 1.5 மரைக்குள் 1.75ஐத் திணித்தால் முதல் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அங்கே பலம் கொடுத்தால் ஃபிரேமின் மரை போய்விடும். பழைய ஆக்ஸிலிலேயே இந்த அளவுகள் பொறித்திருக்கும், துடைத்துவிட்டுப் பாருங்கள்.

மாட்டும்போது கொக்கிப் பின்னைச் செருகியபின் பாதுகாப்புப் பட்டையை ஃபிரேமின் பின்குழாயைச் சுற்றிக் கட்டாயம் பூட்டுங்கள். கொக்கிப் பின் கழன்றாலும் ட்ரெய்லரைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டைதான். உள்ளே மூட்டை வைப்பதானால் கனமானது ட்ரெய்லர் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால், தரையோடு இருக்க வேண்டும். பின்பக்கப் பையில் தண்ணீர் கேன்களை அடுக்கினால் இணைப்புக் கம்பி மேலே தூக்கும், உங்கள் பின்சக்கரத்தின் பிடிமானம் குறையும், இறக்கத்தில் ஆட்டம் கண்டுவிடும். பிள்ளையையும் சேர்த்து மொத்தச் சுமைக்கு ட்ரெய்லரில் ஒரு வரம்பு எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

வளைவில் ட்ரெய்லரின் உட்சக்கரம் உங்கள் தடத்துக்கு உள்ளே வெட்டி வரும். அது நடைபாதை விளிம்புக் கல்லில் ஏறினால் கவிழும். ட்ரெய்லர் கவிழ்வது அநேகமாக இந்த ஒரு காரணத்தால்தான். வளைவை அகலமாக எடுங்கள், வேகம் நடைவேகம்.

கியர் விஷயம்தான் உங்களுக்குப் பெரிய சிக்கல். 34க்கு 32 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 2.28 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ.க்குச் சற்று மேல். உங்கள் எடை, வண்டி, ட்ரெய்லர், பிள்ளை எல்லாம் சேர்த்து 125 கிலோ என்று வைத்துக்கொண்டால், 7 சதவீத மேட்டில் அந்த வேகத்துக்கு 200 வாட்டுக்கு மேல் தொடர்ந்து கொடுக்க வேண்டும். பயிற்சி இல்லாத கால் நீண்ட நேரம் தாங்காது. வேகம் 5 கி.மீ.க்கு இறங்கினால் 130 வாட் போதும், ஆனால் அப்போது உங்கள் கியரில் நிமிடத்துக்கு 36 சுற்றுதான் மிதிப்பீர்கள். பாரம் முழுக்க முட்டியில் இறங்கும். முன்னால் 30, பின்னால் 40 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர், 60 சுற்றில் மணிக்கு 5.8 கி.மீ. இதுதான் இழுக்கிற கியர். பின்னால் 40 போடும்முன் உங்கள் வண்டியின் டீரெய்லியர், அதாவது பின்னால் கியர் மாற்றும் கை, எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள். குட்டைக் கை என்றால் 34, 36க்கு மேல் ஏறாது. அப்போது முன் பல்சக்கரத்தை 28 பல்லாகக் குறைப்பதே வழி. செயினையும் அதற்கேற்ப வெட்ட வேண்டும்.

ட்ரெய்லருக்குள் இருக்கிற பிள்ளை மிதிப்பதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேர்க்கும்போது அதற்குக் குளிரும். வெயிலில் பிளாஸ்டிக் மறைப்பை மூடிவிட்டால் உள்ளே புழுங்கும். நிற்கும்போதெல்லாம் பிடரியில் கை வைத்துப் பாருங்கள், கன்னத்தை நம்பாதீர்கள்.

#6 ஸ்பேனர்செட்

வண்டி வேலைக்கு வர்றேன். எல்லாரும் பெரியவங்க வண்டியத்தான் சர்வீஸ் பண்ணுவாங்க. வழியில நிக்கிறது பிள்ளைங்க வண்டி.

20 அங்குல வண்டியோட சக்கரம் நட்டு போட்டு இறுக்கினது, பெரும்பாலும் 15 மி.மீ. பெரியவங்க வண்டிக்கு வச்சிருக்கிற மடக்கு கருவியில அது இருக்காது. 15 ஸ்பேனர் ஒண்ணு தனியா எடுத்துக்குங்க, அது இல்லாம பின்சக்கரம் கழலாது, டியூப் மாத்த முடியாது. முன்சக்கர நட்டு வேற அளவா இருக்கலாம், வீட்லயே போட்டுப் பாத்துடுங்க.

அப்புறம் பிரேக் லீவர். பிள்ளையை சீட்ல உக்கார வச்சு விரலை நீட்டச் சொல்லுங்க. ஆள்காட்டி விரலோட முதல் கணு லீவர் மேல நல்லா மடியணும். நுனி மட்டும் எட்டினா, லீவர் உள்பக்கம் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதை உள்ள திருகினா லீவர் ஹேண்டில்பார் பக்கம் வரும். கிட்ட கொண்டுவந்ததும் கேபிளைச் சரிபாருங்க: இழுபட்டு ரப்பர் ரிம்மை உரசினா கொஞ்சம் தளர்த்தணும், ஆனா லீவர் பார்ல முட்டி நிக்கிற அளவுக்கு விடக் கூடாது, முட்டினா பிரேக் பிடிக்காது. சோதனை: பிள்ளை முன் பிரேக்கைப் பிடிச்சுக்கட்டும், நீங்க வண்டியை முன்னால தள்ளுங்க. சக்கரம் உருளக் கூடாது. உருண்டா கேபிள் துரு பிடிச்சிருக்கு, இல்லைன்னா ரப்பர் கெட்டியாயிடுச்சு. ரெண்டும் மாத்துறது சின்ன வேலைதான், கிளம்புறதுக்கு முந்தின நாள் வச்சுக்காதீங்க.

டியூப் ஒவ்வொரு அளவுக்கும் ஒண்ணு. உங்க விஷயத்துல 20, 24, பெரிய சக்கரம், ட்ரெய்லர் சக்கரம். ட்ரெய்லர் 20 அங்குலமா இருந்தா நடுப்பிள்ளை வண்டி டியூபே ஆகலாம், டயர் அகலமும் ஒத்துவரணும். வால்வு ரெண்டு ஜாதி இருக்கும்: பிள்ளைங்க வண்டில தடிச்சது, உங்களோடதுல மெலிஞ்சது. பம்ப் ரெண்டுக்கும் பொருந்துதான்னு காத்தடிச்சே பாருங்க, அட்டையில எழுதியிருக்குன்னு விட்டுடாதீங்க.

காத்தழுத்தம்: பிள்ளைங்க வண்டி 1.75 அகலம்னா 30, 35 பி.எஸ்.ஐ. போதும். அதுக்கு மேல அடிச்சா சின்னக் கல்லுக்கெல்லாம் குதிக்கும், எடை கம்மிங்கிறதால. மூட்டையும் ட்ரெய்லரும் இழுக்கிற 40 மி.மீ. பின் டயருக்கு 50 பக்கம். டயர் பக்கச் சுவர்ல எழுதின உச்ச அளவைத் தாண்டக் கூடாது. டியூப்ல பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழுந்திருந்தா அது முள் இல்லை. காத்து குறைவா இருந்து, குழியில இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் நசுங்கினது. ஒரே ஓட்டைன்னா முள் இன்னும் டயர்லயே இருக்குன்னு வச்சுக்குங்க. துணியைச் சுத்தி டயர் உள்பக்கம் முழுக்கத் தடவுங்க, சிக்கும். அதை எடுக்காம புது டியூப் போட்டா அடுத்த ரெண்டு கிலோமீட்டர்ல அதுவும் போயிடும்.

மத்ததெல்லாம்: 4, 5, 6 மி.மீ. அலன் கீ, டயர் லீவர் ரெண்டு, பஞ்சர் ஒட்டுற பெட்டி (சொலூஷன் காஞ்சு போயிருக்கும், புதுசு வாங்குங்க), செயின் வெட்டுற கருவி, இணைப்புக் கண்ணி. கண்ணி கியர் எண்ணிக்கைக்கு ஏத்தது வேணும், ஏழு கியர் வண்டிக்கும் பதினோரு கியர் வண்டிக்கும் ஒண்ணு போதாது. கேரியருக்கு எம்5 போல்ட் நாலு. குலுங்கிக் குலுங்கி முதல்ல கழலுறது அதுதான்.

#7 பூவரசு

15 ஸ்பேனர் என் பட்டியலிலேயே இல்லை, சேர்த்துவிட்டேன். சாலையில் யார் முன்னால், யார் பின்னால்? இறக்கத்தில் நடுப்பிள்ளைதான் கவலை.

#8 மெதுவண்டி

ட்ரெய்லர் இல்லாத பெரியவர் முன்னால், அடுத்து நடுப்பிள்ளை, பிறகு மூத்தவன், கடைசியில் ட்ரெய்லர். ட்ரெய்லருக்கு அகலமும் மேலே கொடியும் இருப்பதால் பின்னால் வரும் வண்டிக்காரர் தூரத்திலேயே பார்த்து விலகுவார். பின்னால் வருகிறவர் பிள்ளைகளைவிட ஒரு கை அகலம் சாலையின் நடுப்பக்கம் தள்ளி ஓட்டினால், முந்துகிறவர் பிள்ளைகளுக்கும் இடம் விட்டுத்தான் போவார். வண்டிகளுக்கு இடையே இரண்டு சைக்கிள் நீளம். நான்கே சத்தம் போதும்: "பின்னாடி வண்டி", "முன்னாடி வண்டி", "குழி", "நிக்கிறோம்". கடைசி ஆள் சொல்வதை நடுவில் இருப்பவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். காற்றில் இரண்டு வண்டி தாண்டினால் குரல் எட்டாது.

சந்திப்பில் எல்லாரும் நின்று, ஒன்றாகக் கடக்க வேண்டும். "வா, வா" என்று அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவது கூடவே கூடாது. பிள்ளை அம்மாவைப் பார்க்கும், சாலையைப் பார்க்காது.

#9 இழுவை

சமதரைக்கு மெதுவண்டி சொல்வது சரி. இறக்கத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவதால் நிற்க அதிக தூரம் எடுக்கும். முன்னால் போகிற பிள்ளை சட்டென்று பிரேக் பிடித்தால் மோதுவது ட்ரெய்லர் வண்டிதான். இறக்கத்தின் உச்சியில் எல்லாரும் நில்லுங்கள். முன்னவரும் பிள்ளைகளும் இறங்கட்டும், ட்ரெய்லர் 40, 50 மீட்டர் விட்டு வரட்டும். மேட்டிலும் ட்ரெய்லர் பின்தங்கும், அதனால் மேட்டு முடிவில் முன்னவர் நின்றே ஆக வேண்டும், இறக்கத்தைத் தொடங்கிவிடக் கூடாது.

#10 மெதுவண்டி

ஏற்றுக்கொள்கிறேன், இறக்கத்துக்கு இடைவெளி அவசியம். முன்னவர் தன் வேகத்தை மணிக்கு 15 கி.மீ.க்குள் பிடித்து வைத்து, பிள்ளை தன்னை முந்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

#11 ஸ்பேனர்செட்

நீள இறக்கத்துல பிரேக்கை லேசா தொட்டுக்கிட்டே வராதீங்க. ரிம் சூடாகும், பிள்ளைக்குக் கை மரத்துப்போகும், கடைசி வளைவுல பிடிக்க பலம் இருக்காது. அழுத்திப் பிடிச்சு வேகம் குறைச்சு, விட்டு, மறுபடி அழுத்திப் பிடிக்கணும். ரெண்டு கையும் சேர்த்து. ஒரு கி.மீ.க்கு மேல இறக்கம்னா நடுவுல நிறுத்தி விரலை உதறச் சொல்லுங்க.

#12 வரைபடப்பித்து

சில்லறை விஷயங்கள். விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் முடித்துவிடுங்கள். மதியத்தில் எதிர்காற்று வலுக்கும் பகுதி என்றால் வட்டப் பாதையில் காற்றுக்கு எதிரான பாதியைக் காலையில் வையுங்கள். பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், வெயிலில் முக்கால். பிள்ளைகள் கேட்கும்வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொடுங்கள். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். ஓடுகிறதைத் துரத்துவது அதன் இயல்பு. எல்லாரும் இறங்கி, வண்டியை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விலகிவிடும். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் 20 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் மாட்டும். ட்ரெய்லரை ரயிலில் ஏற்றுவார்களா, மடித்தால் மட்டும்தானா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

#13 பூவரசு

திருத்திய திட்டம்: முதல் நாள் 14 கி.மீ. (நிலையம் முதல் முதல் தங்குமிடம்). இரண்டாம் நாள் 20 வட்டம். மூன்றாம் நாள் 24, இடம் மாற்றம், 19ஆவது கி.மீ.யில் ஆற்றுப் பாலம். நான்காம் நாள் 12 வட்டம். ஐந்தாம் நாள் 16, நிலையம். சரியா?

#14 வரைபடப்பித்து

மூன்றாம் நாளைத் தவிர மற்றவை சரி. முழு மூட்டையோடு போகிற மிக நீளமான நாள் அது. அதில் பாலம் 19ஆவது கி.மீ.யில் வருகிறது, பிள்ளைகள் களைத்து வண்டி கோணல்மாணலாகப் போகிற நேரத்தில். பயணத்தையே திருப்பிப் போட முடிந்தால், அதாவது கடைசி நிலையத்தில் இறங்கி முதல் நிலையத்தில் ஏறினால், அதே பாலம் 5ஆவது கி.மீ.யில் காலையிலேயே வந்துவிடும். நாட்களின் தூரம் 16, 12, 24, 20, 14 என்று மாறும். இரண்டாம் நாள் இன்னும் லேசாவதும் நல்லதுதான். நிலையங்களில் ரயில் நேரம் ஒத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள். திருப்ப முடியாவிட்டால் 18ஆவது கி.மீ.யில் ஒரு மணி நேர ஓய்வு வைத்து, பாலத்தை இறங்கி நடந்து கடக்கலாம். அப்போதும் ட்ரெய்லர் அகலத்தை அளந்து பாலத்து நடைபாதையில் நுழையுமா என்று படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் உட்காரும் ட்ரெய்லர் 80, 90 செ.மீ. வரை வரும்.

#15 இழுவை

திருப்பிப் போடுவதுதான் மேல். இன்னொரு வேலை பாக்கி. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு, முழு மூட்டையும் ட்ரெய்லரும் பிள்ளைகளுமாக, அடுத்தடுத்த இரண்டு நாள் 15, 15 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் போதாது. இருக்கை உறுத்தல், மணிக்கட்டு வலி, நடுப்பிள்ளை "வேண்டாம்" என்பது எல்லாம் இரண்டாம் நாள் காலையில்தான் தெரியும். முதல் நாள் முடிந்ததும் கேரியர் போல்ட், ட்ரெய்லர் ஆக்ஸில், பெடல் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். இரண்டாம் நாள் முடிவில் அதே போல்ட் மறுபடி இளகியிருந்தால் மரைக்கு ஒட்டும் திரவம் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். மூன்று வாரம் என்று சொன்னது, ஆக்ஸிலோ பல்சக்கரமோ பொருந்தாவிட்டால் மாற்றி வாங்கி வர நாள் வேண்டும் என்பதற்காக.

#16 பூவரசு

ரயில் நேரம் பார்த்தாயிற்று, திருப்பிப் போட முடிகிறது. ஆக்ஸிலில் 12 × 172, 1.75 என்று பொறித்திருக்கிறது. பின் கை 36 பல் வரைதான் தாங்குமாம். 28க்கு 36 போடப்போகிறேன்.

#17 இழுவை

28க்கு 36 ஒரு சுற்றுக்கு 1.67 மீட்டர், நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 6 கி.மீ. போதும். செயினை வெட்டும்போது பெரிய பல்சக்கரத்தில் மாட்டிப் பார்த்து நீளம் முடிவு செய்யுங்கள், சின்னதில் அளந்து வெட்டினால் பெரியதுக்கு மாற்றும்போது கியர் கை முறியும்.